கடைசிப் பெட்டி நாலரைக்கு

என்ன பார்க்கலாம்னா கேட்டீங்க? உக்காருங்க தம்பி, சொல்றேன். அந்தப் பக்கம் வேண்டாம், அங்க உக்கார்ந்தா கதவு மறைக்கும். எனக்கு அந்த ரோப் கார் கதவு தெரியணும். ஆங், இப்படி. நீங்க வாயைத் திறந்ததுமே நம்ம பக்கம்னு தெரிஞ்சு போச்சு. காரைக்குடியா? அப்படிப் போடுங்க! நான் மானாமதுரை. பிறந்த ஊர் வேற. மானாமதுரையில ஸ்டேஷன் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனேன், அங்கயே வீட்டைக் கட்டி உக்கார்ந்துட்டேன். முத்துக்கருப்பன்னு பேரு.

மணி என்ன உங்களுக்கு? மூணு இருபத்தாறா? எனக்கு இருபத்தஞ்சு காட்டுது. இந்த ஊருக்கு வந்து என் வாட்ச்சு ஒரு நிமிசம் பின்தங்கிப் போச்சு. முப்பத்தாறு வருச சர்வீஸ்ல இப்படி ஆனதில்ல.

எத்தனை நாள் இருப்பீங்க? மூணு நாளா? இந்தக் கிர்ஷ்மாட்டு ஊருக்கு மூணு நாள் போதும். ஒழுங்காத் திட்டம் போட்டா ரெண்டரை நாள்ல முடிச்சுரலாம். நாங்க ஒரு வாரம். மகன் இதே சுவிஸ்ல பாசல்ங்கிற ஊர்ல வேலை பார்க்கான், அவனுக்கு லீவு இல்ல. ‘நீங்க ரெண்டு பேரும் மலையில ஒரு வாரம் நிம்மதியா இருங்க’னு ஹோட்டல் போட்டுக் குடுத்து ரயில் ஏத்தி விட்டுட்டான். இன்னிக்கு நாலாவது நாள். நிம்மதியைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்.

முதல்ல ஹோட்டல்ல ஒரு அட்டை குடுப்பாங்க, வாங்கிட்டீங்களா? அது இருந்தா ஊருக்குள்ள பஸ்சுக்கு டிக்கெட் கிடையாது. மஞ்சள் பஸ்சு. மலை வளைவுல திரும்புறப்ப மூணு சுருதியில ஹாரன் அடிப்பான் பாருங்க, கேக்கவே ஜோரா இருக்கும். அதுல ஏறி அந்தக் கடைசி ஊர் வரைக்கும் போய்ட்டு அதே பஸ்சுல திரும்பிருங்க. இறங்க வேண்டாம். இறங்கினா அடுத்தது ஒரு மணி நேரம் கழிச்சுத்தான். நான் சொல்லச் சொல்லக் கேக்காம இறங்கிட்டா என் வீட்டுக்காரி. என்னடான்னா, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கன்னுக்குட்டி நிக்குதாம். கன்னுக்குட்டி! மானாமதுரையில இல்லாத கன்னுக்குட்டியா?

அப்புறம் தெருத்தெருவுக்கு மரத்தொட்டி இருக்கும், பார்த்திருப்பீங்க. குழாய்ல தண்ணி ராப்பகலாக் கொட்டிக்கிட்டே இருக்கும், குடிக்கலாம். முதல் நாள் நான் அதை மூடுறதுக்குத் திருகு தேடுனேன் தம்பி. சுத்திச் சுத்தித் தேடுறேன், கிடையாது. ஒரு வெள்ளைக்காரர் நின்னு என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. நமக்குத் தண்ணி வீணாப் போனா மனசு கேக்குமா? இவ என்னடான்னா அந்தத் தொட்டியில கையை விட்டுக்கிட்டு நிக்கிறா. சில்லுனு இருக்குனு சிரிக்கிறா. அரை மணி நேரம்! ‘வா வா, நேரமாச்சு’னு நான் முன்னால நடந்தப்புறந்தான் வந்தா.

உங்க வீட்டுக்காரம்மாவா அது, எதிர்க்கடையில? சாக்லேட்டைப் புரட்டிக்கிட்டு இருக்காங்களே, அவங்கதானே? ஆதிரைனா பேரு? நல்ல பேரு. நான் எப்படிக் கண்டுபிடிச்சேன்னு பார்க்கிறீங்களா? நீங்கதான் இங்க வந்த பத்து நிமிசத்துல ஆதிரை, ஆதிரைனு நூறு தடவை கூப்பிட்டுட்டீங்களே. புதுக் கல்யாணமா? அதானே பார்த்தேன்.

சீஸ் பண்ற இடம் ஒண்ணு இருக்கு, மரப்பாலத்துக்கு அந்தாண்ட. காலையில ஒன்பது மணிக்குப் போகணும். அண்டா பெருசுக்குச் செப்புப் பாத்திரத்துல பாலைக் காய்ச்சித் திரிய விடுறாங்க. நான் உள்ள போகல, அந்த வாடை எனக்கு ஒத்துக்கல. அவ போனா. போனவ வர்றாளா? ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா, அந்த சீஸ்காரம்மா கையில இருந்த துடுப்பை இவ வாங்கிக் கிண்டிக்கிட்டு இருக்கா. இவளுக்கு அவங்க பாஷை தெரியாது, அவங்களுக்கு இவ பாஷை தெரியாது. ரெண்டு பேரும் என்னமோ பேசிச் சிரிக்கிறாங்க. பாலைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாங்க. பதினொண்ணு அஞ்சு பஸ் போயே போச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல.

இருங்க, வண்டி வர்ற சத்தம் கேக்குது. மூணு முப்பத்தெட்டு. பாருங்க, சொன்ன நிமிசத்துக்கு வர்றான். இந்த ரோப் கார் ஒண்ணுதான் இந்த ஊர்ல உருப்படியான விஷயம். ரெண்டே பெட்டி. ஒண்ணு மேல இருந்து கிளம்புறப்ப இன்னொண்ணு கீழ இருந்து கிளம்பும். பத்து, முப்பது, அம்பதுக்குக் கிளம்பும், எட்டு நிமிசப் பயணம். நடுவானத்துல ரெண்டும் கிராஸிங். கொஞ்சம் நகருங்க தம்பி, கதவு திறக்குறான்.

…இருபத்து மூணு பேரு. சேலை ஒண்ணும் இல்ல.

இல்ல, ஒண்ணுமில்ல. என் வீட்டுக்காரிதான். மேல போயிருக்கா, வந்துருவா. மாம்பழக் கலர் சேலை, மேல மகனோட நீல ஜாக்கெட்டு. பார்த்தா உடனே தெரியும், இந்த மலையில அப்படி யாரு வரப் போறா? கவலையா? எனக்கென்ன கவலை. கடைசிப் பெட்டி நாலரைக்கு. இன்னும் எத்தனை பெட்டி கிடக்கு! அம்பது, நாலு பத்து, நாலு முப்பது. மூணு பெட்டி. அதுல ஒண்ணுல வந்துட்டுப் போறா.

தனியாத்தான் போயிருக்கா. என்னோட வரல. காலையில நான் ஸ்டேஷன் பக்கம் போயிருந்தேன், அங்க பல்சக்கரம் வச்ச ரயில் ஒண்ணு ஏறும், நீங்க அதையும் பார்க்கணும், என்ஜினைத் திருப்புறதைப் பார்க்கணும். ஒரு மணி நேரம் பார்த்துட்டு ஹோட்டலுக்கு வந்தா ஆளைக் காணோம். ஹோட்டல்கார அம்மாதான் சொன்னாங்க, மேல போயிட்டாங்கன்னு. என்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. ஹோட்டல்காரிகிட்ட கையைக் காட்டி மலையைக் காட்டிச் சொல்லியிருக்கா. போனை ரூம்லயே வச்சுட்டுப் போயிட்டா. பன்னண்டே காலுக்கு வந்து உக்கார்ந்தேன் இந்தப் பெஞ்சுல.

மேல போய்ப் பார்க்கலாமேங்கிறீங்க. பெரிய கேள்வி கேட்டுட்டீங்க! நான் கீழ இருந்து ஏறுறேன். அதே நேரம் அவ மேல இருந்து இறங்குறா. நடுவுல கிராஸிங். அவ அந்தப் பெட்டியில, நான் இந்தப் பெட்டியில. அவ கீழ வந்து என்னைக் காணோம்னு மறுபடி ஏறுவா, நான் அவளைக் காணோம்னு மறுபடி இறங்குவேன். ஒத்தை லைன்ல ரெண்டு பக்கமும் வண்டியை விடக் கூடாது தம்பி. ஒருத்தர் நிக்கணும். நான் நிக்கிறேன். அவ்வளவுதான். கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல.

கோவம் அவளுக்குத்தான். ரெண்டு நாளாப் பேச்சு இல்ல. எதுக்குக் கோவம்னு நினைக்கிறீங்க? மணிக்கு. மாட்டு மணி. அதோ அந்தக் கடையில தொங்குது பாருங்க, சின்னதா, வார் போட்டு. அது வேணும்னா. லக்கேஜ் வெயிட்டு கூடும், வேண்டாம்னேன். அதைத்தான் மனசுல வச்சுக்கிட்டு இருக்கா. சரி போகட்டும்னு இன்னிக்கு வாங்கிட்டேன். இந்தப் பையில இருக்கு. நகர்ந்தா குலுங்குது, சனியன்.

முந்தாநாளா? அதையும் சொல்லிடறேன், நீங்க மேல போறப்ப உபயோகமா இருக்கும்.

மேல இறங்கினதும் ஒரு பெரிய மாடி இருக்கும். பெஞ்சு போட்டிருப்பான். எதிர்ல பூரா பனிதான், கண்ணு கூசும், கறுப்புக் கண்ணாடி கொண்டு போங்க. இடது கைப் பக்கம் பனியைக் குடைஞ்சு ஒரு குகை, வழுக்கும். வலது கைப் பக்கம் கம்பி போட்ட விளிம்பு, அங்க நின்னு பார்த்தா இந்த ஊரே தீப்பெட்டி கணக்கா இருக்கும். நம்ம ஊர்ச் சோறு கூட ஒரு இடத்துல கிடைக்குது, பருப்பு சுமார். ஆனா நீங்க பார்க்க வேண்டியது இதெல்லாம் இல்ல. மாடிக்குக் கீழ மிஷின் ரூம். அங்க உர்ஸ்னு ஒருத்தர், தாடி வச்சவரு. நான் ரயில்வேனு சொன்னதும் கையைப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயிட்டாரு. சக்கரம் ஒண்ணு சுத்துது தம்பி, நம்ம ஊர்ல என்ஜினை நிறுத்தித் திருப்புற டர்ன்டேபிள்ல பாதி இருக்கும். பிரேக்கு மூணு விதம். ஒண்ணு போனா ஒண்ணு பிடிக்கும். ஒவ்வொண்ணாப் போட்டுக் காட்டுனாரு. அவ எங்க இருந்தாளா? அவளைப் பெஞ்சுல உக்கார வச்சுட்டுத்தானே போனேன். ‘இங்கயே இரு’னு சொல்லிட்டுத்தான் போனேன்.

எவ்வளவு நேரம்னு கேட்டா… ரெண்டு மணி நேரம் இருக்கும். கூடவும் இருக்கலாம்.

வந்து பார்த்தா பெஞ்சு காலி. இங்கயே இருனு சொன்னா இருக்கணுமா இல்லையா? குகைக்குள்ள பார்த்தேன். சோத்துக் கடையில பார்த்தேன். சரி, ஆள் காணோம்னா என்ன செய்யணும்னு எனக்கா தெரியாது? நேரா மேல் கவுண்டருக்குப் போய், மைக்குல கூப்பிடுங்கனு சொல்லி பாஸ்போர்ட் நகலைக் குடுத்தேன். அந்த ஆளும் பார்த்துப் படிச்சான். ‘ஃப்ராவ் முட்டுகருப்பான், ஃப்ராவ் முட்டுகருப்பான்’னு ரெண்டு தடவை. ஃப்ராவ்னா அவங்க பாஷையில திருமதி. பாஸ்போர்ட்ல குடும்பப் பேருங்கிற கட்டத்துல அவளுக்கு என் பேரு. நான்தான் ஃபாரத்தை நிரப்புனேன், ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. இங்க எல்லாரையும் அந்தக் கட்டத்துப் பேரை வச்சுத்தான் கூப்பிடுவான்.

அவ எங்க இருந்தான்னா, பாத்ரூம் போயிட்டு மாடிக்குத்தான் வந்துக்கிட்டு இருந்திருக்கா. ஸ்பீக்கர்ல முட்டுகருப்பான்னு கேட்டுருக்கு. ஃப்ராவும் தெரியாது கிராவும் தெரியாது. என்ன நினைச்சிருக்கா தெரியுமா? எனக்கு என்னமோ ஆயிருச்சு, அதான் என் பேரைச் சொல்றாங்கன்னு நினைச்சுட்டா! நான் விளிம்புல இருந்து விழுந்துட்டேன்னு நினைச்சு அந்தக் கம்பி வேலிப் பக்கம் ஓடியிருக்கா. பனியில, சேலையைத் தூக்கிக்கிட்டு, ‘ஏங்க, ஏங்க’னு கத்திக்கிட்டு. அங்க ஐஸ் கட்டியிருக்கு. வழுக்கிருச்சு. கையை ஊணியிருக்கா, மணிக்கட்டு சுளுக்கிக்கிச்சு. சுளுக்குதான். கட்டுப் போட்டு விட்டாங்க.

நான் போறப்ப நாலஞ்சு பேரு சுத்தி நிக்கிறாங்க. என்னைப் பார்த்ததும் எந்திரிச்சு என் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ‘கூறு இருக்கா உனக்கு? அவங்க கூப்பிட்டது உன்னைய! இது கூடத் தெரியலையா?’னு கத்திட்டேன். அத்தனை பேருக்கு நடுவுல. அவ, ‘உங்க பேரைத்தானே கூப்பிட்டாங்க’ன்னா. ‘பாஸ்போர்ட்ல அதான் உன் பேரு’ன்னேன். ‘அப்ப என் பேரு எங்க போச்சு?’ன்னா.

அவ்வளவுதான். அதுக்கப்புறம் வாயைத் திறக்கல. ராத்திரி என் மாத்திரையை என் கையில வச்சுட்டுப் போனா, பேச்சு இல்ல. நேத்திக்கு மரப்பாலத்துல போட்டோ எடுக்கிறேன், இந்தா நில்லுன்னேன். நடந்துக்கிட்டே இருக்கா. எல்லாம் அந்த மணியால வந்தது. அதை அன்னிக்கே வாங்கிக் குடுத்திருக்கணும்.

என்ன சிரிக்கிறீங்க?

அவ பேரா? பேரு எதுக்கு? அதான் சொன்னேனே, முத்துக்கருப்பன்னு… சரி, அது பாஸ்போர்ட்ல. சொந்தப் பேரு ஒண்ணு இருக்கு, இல்லாமலா? நல்ல பெரிய பேரு. அதுல ஒரு சங்கடம் தம்பி. எங்கம்மா பேரும் அதேதான். பொண்ணு பார்த்துட்டு வந்த அன்னிக்கே எங்கம்மா கறாராச் சொல்லிட்டாங்க, ‘என் பேரைச் சொல்லி என் வீட்டுல எவனும் அடுப்படிக்கு ஏவக் கூடாது’னு. நியாயந்தானே? பெத்த தாய் பேரைச் சொல்லி ‘தண்ணி கொண்டா’னு எப்படிச் சொல்றது? அதனால வந்த நாள்ல இருந்து ‘இந்தா’தான். எங்கம்மாவுக்கு அவ ‘சின்னவ’. கொழுந்தன்மாருக்கு மதினி. புள்ளைங்களுக்கு அம்மா. குவார்ட்டர்ஸ்ல மாஸ்டர் சம்சாரம். ஒரு குறையும் இல்லாமத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

அம்மா போய்ச் சேர்ந்து பத்தொன்பது வருசம் ஆச்சு. அதுக்கப்புறம் கூப்பிட்டிருக்கலாமேங்கிறீங்களா? எதுக்கு? இந்தான்னா வந்துடறா. வேலை நடந்துருது.

மூணு அம்பத்தெட்டு. வர்றான். இந்தப் பெட்டியில இருப்பா பாருங்க.

…

பதினாலு பேரு. இல்ல.

என்னங்க இது, பெட்டி இந்த ஆட்டம் ஆடுது? காத்தா? முந்தாநாள் இப்படி இல்லையே. அதோ அந்த முகடு தெரியுதா? அஞ்சு நிமிசம் முன்னால வரைக்கும் தெரிஞ்சுச்சு. இப்ப எங்க போச்சு? பூரா வெள்ளையா மூடிக்கிச்சு.

உக்காருங்க, உக்காருங்க, நான் நிக்கிறேன். நிக்கிறதுதான் எனக்குப் பழக்கம். என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? பார்க்க வேண்டியது. ஆமா, அருவி ஒண்ணு இருக்கு, அது… அது கிடக்கட்டும். தம்பி, ஆள் காணாமப் போறது எனக்குப் புதுசு இல்ல. மானாமதுரையில சித்திரைத் திருவிழா சமயத்துல கூட்டம் அம்மும். அழகர் ஆத்துல இறங்குனதைப் பார்த்துட்டு அத்தனை சனமும் ஸ்டேஷனுக்கு வரும். புருஷனை விட்டவ, புள்ளையை விட்டவ, எல்லாம் என் ரூம் வாசல்லதான் அழுதுக்கிட்டு நிக்கும். நான் மைக்கை எடுப்பேன். ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு. இளையான்குடியிலிருந்து வந்திருக்கும் வள்ளிக்கண்ணு அவர்கள் எங்கிருந்தாலும்…’ ஒரு தடவை சொன்னாப் போதும். எந்த மூலையில இருந்தாலும் அந்தப் பொம்பளை ஓடி வந்துரும். நம்ம பேரைச் சொல்லி ஒருத்தன் கூப்பிடுறான்னா காலு தானா நடக்கும்ல? எத்தனை பேரு! வள்ளிக்கண்ணு, பாக்கியத்தம்மாள், சந்தனமேரி, ரஹ்மத் பீவி. எல்லாப் பேரும் ஞாபகம் இருக்கு எனக்கு.

குவார்ட்டர்ஸ் ஸ்டேஷனுக்குப் பின்னாடியேதான். அடுப்படி ஜன்னல்ல நின்னா ஸ்பீக்கர் நல்லாக் கேக்கும். நான் சாப்பிட வர்றப்ப இவ கேப்பா. ‘அந்த வள்ளிக்கண்ணு கிடைச்சாளா?’ கிடைச்சுட்டாம்பேன். ‘நல்லாக் கூப்பிட்டீங்க’ம்பா. ‘உங்க குரல்ல அந்தப் பேரு எவ்வளவு நல்லா இருந்துச்சு’ம்பா. சோத்தைப் போடுனு சொல்லுவேன்.

…

அதையே சொல்லிக்கிட்டு இருப்பா. வருசா வருசம். ‘அந்தப் பேரு எவ்வளவு நல்லா இருந்துச்சு.’

அது என்ன, ஸ்பீக்கர்ல என்னமோ சொல்றான். இங்கிலீஷ்லயும் சொல்லுவான், இருங்க. காத்து… காத்து அதிகமாம். நாலரைப் பெட்டி கிடையாதாம். நாலு பத்துதான் கடைசியாம்! மணி என்ன? நாலு ரெண்டா? உங்களுக்கு மூணா? அய்யய்யோ. தம்பி, எந்திரிங்க, என்னோட கவுண்டருக்கு வாங்க. பயமா இருக்கு தம்பி, ஒளிச்சு என்ன ஆகப் போகுது? அந்த அறிவிப்பு அவளுக்குப் புரியாது. அவ பாட்டுக்கு நாலரைனு நினைச்சு எங்கயாவது உக்கார்ந்திருப்பா. நான்தான் சொல்லி வச்சிருக்கேன், கடைசி நாலரைக்குனு.

மேடம், மை வைஃப். அப். அப் தேர். எஸ், ஸாரி, ப்ளூ ஜாக்கெட். கேளுங்க தம்பி, என்ன சொல்றா இந்தப் பொண்ணு? மேல இன்னும் ஏழெட்டுப் பேரு இருக்காங்களாமா? இவ இருக்காளானு தெரியாதாமா? மைக்குல கூப்பிடுறாளாம். இங்க இருந்து பேசினா மேலயும் கேக்குமாம். பேரா? இந்தாம்மா, பாஸ்போர்ட் நகல், இதுல… வேண்டாம்! நோ, நோ! அதைச் சொல்லாதம்மா! தம்பி, தடுங்க அந்தப் பொண்ணை. முத்துக்கருப்பன்னு கூப்பிட்டா அவ மறுபடி என்னைத் தேடிக் கிளம்பிருவா. இந்தக் காத்துல, அந்த ஐஸ்ல, அந்த விளிம்புக்கு. அந்தப் பேரு வேண்டாம். கீழ இருக்கு பாரும்மா, ரெண்டாவது கட்டம், அந்தப் பேரைச் சொல்லு.

ஆங்கா… ஆங்காயா… கிழிஞ்சுது. இப்படிக் கூப்பிட்டா எவ வருவா? நிறுத்தச் சொல்லுங்க தம்பி.

என்ன? நானேவா? நானே பேசலாமாமா?

இந்தப் பையைப் பிடிங்க, மணி குலுங்குது. நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க. இல்ல, பரவாயில்ல, நில்லுங்க. இதுல எதை அழுத்தணும்? இதையா?

ஊஃப். ஊஃப்.

பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மானாமதுரையிலிருந்து வந்திருக்கும்… வந்திருக்கும் திருமதி…

தம்பி, அந்தப் பேரு வாயில வர மாட்டேங்குது. முப்பத்தெட்டு வருசம். எங்கம்மா முகம்தான் வருது. இந்தா… இந்தா, கேக்குதா?

அய்யோ, அது மைக்குல போயிருச்சா? மலை பூராவா?

சரி. சரி. பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மானாமதுரையிலிருந்து வந்திருக்கும் திருமதி அங்கயற்கண்ணி அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக வண்டி கிளம்பும் இடத்துக்கு வரவும். நாலரை வண்டி ரத்து. நாலு பத்து வண்டிதான் கடைசி. திருமதி அங்கயற்கண்ணி அவர்கள்…

போதும். விட்டுட்டேன். மணி என்ன? நாலு நாலா? ஏன் ஒரு பதிலையும் காணோம்? இந்தப் பொண்ணு ஏன் சும்மா உக்கார்ந்திருக்கு? போன் பண்ணிக் கேக்கச் சொல்லுங்க. அடிக்குது, அடிக்குது, மேல இருந்துதான். யாரு, உர்ஸா? என்ன சொல்றாரு? கேட்டுச் சொல்லும்மா. வந்துட்டாளா? வந்து நிக்கிறாளா! மாம்பழக் கலர்தானே? கையில கட்டு இருக்கானு கேளுங்க. இருக்கா? அப்பாடா. அப்பா.

பெட்டியில ஏறச் சொல்லுங்க. ஏறலையா? ஏன்?

என்ன தம்பி சொல்றீங்க, விரலைக் காட்டுறாளா? எந்த விரலை? ஒத்தை விரலைக் காட்டிக்கிட்டு நிக்கிறாளாமா. ஸ்பீக்கரைக் காட்டுறாளாம், விரலைக் காட்டுறாளாம். உர்ஸுக்கு ஒண்ணும் புரியலையாமா?

எனக்குப் புரியுது. இன்னொரு தடவையாம்.

காதுல விழலைனு நினைக்கிறீங்களா? அவ காதா? அடுப்படியில நின்னு ரெண்டாவது பிளாட்பாரத்து ஸ்பீக்கரைக் கேட்டவ அவ. எல்லாம் விழுந்திருக்கும். ‘திருமதி’யும் விழுந்திருக்கும், ‘அவர்கள்’ங்கிறதும் விழுந்திருக்கும். அந்த வள்ளிக்கண்ணுவை எப்படிக் கூப்பிட்டேனோ அப்படியேதான் இவளையும் கூப்பிட்டிருக்கேன், மடையன்.

குடும்மா அந்த மைக்கை. நல்லாப் பெருசா வை.

அங்கயற்கண்ணி.

நான்தான். கீழதான் நிக்கிறேன். எனக்கு ஒண்ணும் ஆகல. அங்கயற்கண்ணி, வண்டிக்கு இன்னும் அஞ்சு நிமிசம் இருக்கு. பார்த்து, மெதுவா வா.